பாதத்தில் மெத்தை இல்லாத பிராணி

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சத்தியபாமாவின் குரலை ஊரே அறியும். முகம்தான் யாருக்கும் தெரியாது. பருத்திக் கமிஷன் கடைக்காரர், தீப்பெட்டி ஆபீஸ் மானேஜர், மில் டாக்டர் எல்லாருக்கும் அவள் ‘எக்ஸ்சேஞ்ச் அம்மா’. டிரங்க் காலுக்குக் காத்திருக்கும்போது அவளிடம் மழை பற்றிக் கேட்பார்கள், மகள் கல்யாணத்தைச் சொல்வார்கள். அதே ஆட்கள் பஜாரில் எதிரே வந்தால் யாரோ ஒரு பெண்பிள்ளை என்று ஒதுங்கி வழிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அப்படி இல்லை. காய்கறிக் கடையில் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கத்திரிக்காய் விலை கேட்டால், இவர் போன் நம்பர் நூற்றுப் பதினேழு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்பா இறந்த வருஷம் பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள். தம்பி சுந்தரபாண்டியைப் படிக்க வைத்து, தாலுகா ஆபீஸில் சேர்த்து, கல்யாணம் முடித்து ஓட்டப்பிடாரத்தில் குடி வைக்கிறவரைக்கும் தன்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை. யோசித்தபோது வந்து பார்த்த மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டு, “பொண்ணு கண்ட ஆம்பளையோடயும் பேசுத வேலையில்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வருகிறவர்களும் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனார்கள். அவளும் அம்மா பாலம்மாளும் கடலையூர் ரோட்டுப் பக்கம், ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கிற ஒரு வளவு வீட்டில், ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கையகல முற்றம் என்று இருந்தார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் சத்தியபாமாவுக்குத் தன் தொண்டை பற்றி ஒரு விசித்திரமான உணர்வு வந்தது. பகல் முழுக்க ஓயாமல் பேசிய தொண்டை, சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்ததும் வேலையற்றுப் போய்விடுகிறது. மறுநாள் காலை பால்காரர் வருகிறவரைக்கும் அதற்கு ஒரு சொல் தேவையில்லை. ஒருநாள் கதவைத் தட்டிய பால்காரரிடம், “நம்பர் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் விழித்தார். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து அடுப்படியில் நின்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

அந்த ஆடி மாசத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் கடற்கரை அண்ணாச்சி போன் பண்ணினார். கொடைக்கானல், ஒட்டன்சத்திரம் காய்கறி லோடுக்கெல்லாம் தினம் கால் போடுகிறவர்.

“எக்ஸ்சேஞ்ச் அம்மாவா? கடற்கரை பேசுதேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி. ஒட்டன்சத்திரமா?”

“காலெல்லாம் வேண்டாம்மா. ஒரு விசயம் கேக்கணும். நீங்க கறி திங்க மாட்டீகன்னு ஒருக்க சொன்னீகள்லா?”

“ஆமா, சின்னதுலயே விட்டுட்டேன். ஏன் கேக்கீங்க?”

“கொடைக்கானல் லோடுல டிரைவர் ஒரு வெள்ளை முசல் கொண்டாந்தான். எம்மவளுக்குன்னு சொல்லி வாங்கினது. அவளுக்கு அதத் தொட்டாலே தும்மலாத் தும்முது. ஆபீஸ்ல கூடைக்குள்ள கவுத்திப் போட்டிருக்கேன். லோடுமேன் பயலுவ மசால் அரைக்கட்டுமான்னு கேக்கானுவ. எனக்கு மனசு வரல. ஊர்ல யாரு திங்க மாட்டாகன்னு யோசிச்சுப் பாத்தேன், உங்க ஞாபகம்தான் வந்துது.”

சத்தியபாமா வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். அதற்குள் போர்டில் வேறு இரண்டு நம்பரின் ஷட்டர் விழுந்து, கால் காத்திருந்தது. “சரி அண்ணாச்சி, சாயங்காலம் கொண்டாங்க” என்று சொல்லி லைனை எடுத்துவிட்டாள்.

தக்காளிக் கூடைக்குள் வைக்கோலும் இரண்டு சிவந்த கண்ணுமாக அது வந்து சேர்ந்தது. கடற்கரை வாசலிலேயே நின்று கூடையைக் கொடுத்துவிட்டு, “பொட்டை” என்று மட்டும் சொன்னார். பெயர் வைக்கச் சத்தியபாமாவுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பது வயதில் ஒரு முயலை உட்கார வைத்துப் பெயர் சூட்டுவதா? “ஏட்டி, இங்கன வா”, “ஏட்டி, அதக் கடிக்காத” என்று சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஏட்டி என்பதே பெயராகிவிட்டது.

கூண்டை அவளே செய்தாள். டீத்தூள் கடையிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி வாங்கி, ஓரத்துத் தகரப் பட்டையை நெம்பி எடுத்தாள். முன்பக்கத்தை அறுத்துக் கோழிவலையில் கதவு அடித்தாள். அடிப்பலகையையும் கழற்றிவிட்டு, அங்கேயும் கோழிவலையையே இழுத்துக் கட்டி, நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தாள். புழுக்கையும் மூத்திரமும் தானாகக் கீழே விழுந்துவிடும், பெருக்கிவிட்டால் போதும். வளவில் அடுத்த வீட்டு நேசம்மாள், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், எட்டிப் பார்த்து, “நல்ல மூளைதான் உனக்கு” என்றாள். சத்தியபாமாவுக்கும் தன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் பெருமைதான்.

சாப்பாட்டுக்குத்தான் முதலில் வம்பு வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் முயல் விளிம்பைப் பல்லால் கவ்வித் தூக்கிக் கவிழ்த்துவிட்டு, பிறகு தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். சோப்பு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் தவிடு வைத்தாள். மறுநாள் டப்பாவின் ஒரு ஓரத்தைக் காணோம். கீழே தேடினாள், துண்டும் இல்லை. அது வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று தெரிந்ததும் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். சிரட்டை வைத்தாள், அது உருண்டது. மண் கிண்ணம் ஒன்று வாங்கினாள். அதை முயல் இழுத்தடித்ததில் விளிம்பு உடைந்து கத்தி மாதிரி நின்றது.

இது ஒருபக்கம் இருக்க, புரட்டாசி வாக்கில் முயல் ஒரு மாதிரியாக நிற்க ஆரம்பித்தது. சுடுமணலில் நிற்கிறவர்கள் காலை மாற்றி மாற்றி வைப்பார்களே, அப்படி. பிறகு நிற்பதையும் விட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். பின்னங்கால் இரண்டிலும் குதிகால் முடி போய், தோல் சிவந்து, ஒன்றில் ரத்தம் கசிந்திருந்தது. கூண்டைச் சாய்த்துப் பார்த்தால் வலைக் கம்பியில் ஓரிடத்தில் காய்ந்த ரத்தம் பழுப்பாக ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ? அது கத்தவில்லை. கத்தத் தெரியாத பிராணி. அவளும் கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் லைன் ஓய்ந்த நேரம். மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் அந்தப் பெண் இருந்தாள். ஆறேழு வருஷமாகத் தினம் கேட்கிற குரல். மணி அடித்தாற்போல இருக்கும். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை, சொன்னதில்லை.

“என்ன கோவில்பட்டி, குரல் இறங்கிக் கெடக்கு? உடம்பு சரியில்லையா?”

“எனக்கு ஒண்ணுமில்ல மதுரை. வீட்ல ஒரு முசலு வளக்கேன். அதுக்குக் கால்ல புண்ணு.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “முயலா? கூண்டுக்குத் தரை என்ன போட்டிருக்கீங்க?”

“கோழிவலை.”

“அடக் கடவுளே! முதல்ல அதைப் பிடுங்கிப் போடுங்க. நாய் பூனைக்கு இருக்கிற மாதிரி முயலுக்குப் பாதத்துல மெத்தை கிடையாதுங்க. வெறும் முடி மட்டுந்தான். அதும்மேல முழு உடம்பும் உக்காந்தா கம்பி அறுக்காம என்ன செய்யும்?”

சத்தியபாமா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். இரண்டு மாசம் ராவும் பகலும் அந்தக் கம்பிமேல். அவள் செய்து கொடுத்த கம்பி.

“அழுவுறீங்களா? தெரியாமச் செஞ்சதுதானே. வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, ஈரமில்லாம ஒத்தி எடுத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு வைங்க. பலகை போடுங்க, மேல காஞ்ச புல்லு நெறையப் போடுங்க. நாங்க கொடைக்கானல் மலையில இருந்தவங்க. எங்கப்பா முயல் வளத்தாரு. எனக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரி. ஆமா, உங்க பேரு என்ன?”

“சத்தியபாமா.”

“நான் ஸ்டெல்லாமேரி.”

பெயர் சொன்ன பிறகும் மறுநாள் இருவரும் கோவில்பட்டி, மதுரை என்றேதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மத்தியானம் லைன் ஓயும்போதெல்லாம் முயல் பேச்சு வந்தது.

கழற்றிய அடிப்பலகை எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது, அன்று வேறு பலகைக்கு எங்கே போவது? கையில் இருந்தது ஒரு கோணிச்சாக்கு. மெத்தென்று இருக்கட்டும் என்று வலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பெட்டியைச் செங்கலிலிருந்து தரையில் இறக்கி, சாக்கை நாலாக மடித்து உள்ளே விரித்தாள். நாலைந்து நாளில் புழுக்கைகள் மணி கோத்தது போலச் சணல் நூலில் தொங்கிக்கொண்டு விழுந்தன. பிறகு அதுவும் நின்றது. முயல் இரை எடுக்கவில்லை. ஸ்டெல்லா கேட்டதும் அதட்டினாள். “நான் சாக்குன்னா சொன்னேன்? நூல் நூலா உருவித் திங்கும், குடல்ல போய் அடைச்சுக்கும். இப்பவே எடுங்க. புல்லும் தண்ணியும் தவிர வேற எதுவும் காட்டாதீங்க.” சத்தியபாமா லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அறுகம்புல்லை ஒவ்வொன்றாக வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் கடைசி நாட்களில் கஞ்சியை அப்படித்தான் கரண்டி கரண்டியாக நீட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. முயல் மறுநாள் விடியும்போது ஒரு புல்லை இழுத்து மென்றது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு அவள் சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

பழைய கதவுப் பலகை ஒன்று வளவில் கிடந்தது, பச்சைப் பெயிண்ட் அடித்தது. அதைப் போடலாமா என்று கேட்டாள். “கடிக்கிற பிராணிக்குப் பெயிண்ட் ஆகுமா? வெறும் மரமா இருக்கணும்” என்றாள் ஸ்டெல்லா. கடைசியில் பழம் வருகிற பெட்டியில் மாம்பலகை கிடைத்தது. ஆணித் தலை மேலே வராமல் அடிப்பக்கமிருந்து அறைந்து, குத்துகிற சிலாம்பு போக உப்புத்தாளால் தேய்த்தாள். முயல் எந்த மூலையில் ஒதுங்குகிறதோ அந்த மூலையில் மட்டும் ஒரு மண் தட்டில் கம்பந்தட்டையை நறுக்கிப் போட்டு, தினம் மாற்றினாள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும்போது ரயில் பாதையோரம் புல் அறுத்து வந்து முற்றத்தில் காயப்போட்டாள். எக்ஸ்சேஞ்ச் அம்மா புல்லுக்கட்டோடு போகிறாள் என்று யாரும் சிரிக்கவில்லை. அவளைத்தான் யாருக்கும் தெரியாதே.

மழை தள்ளிப்போய்க் காய்ந்த வெயிலுக்கு என்ன செய்வது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லை. “எங்க ஊர்ல குளிருக்குத்தான் யோசிப்போம். வெயிலுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க” என்றாள். அதைச் சத்தியபாமாவே கண்டுபிடித்தாள். மச்சுத் தளத்தில் பதிக்கிற தட்டையான மண் ஓடு இரண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்து, பலகையின் ஒரு பாதியில் வைத்தாள். முயல் அதன்மேல் வயிறு படிய நீட்டிப் படுத்துக்கொண்டது. இதைச் சொன்னபோது மதுரையில் ஸ்டெல்லா, “நீங்க எனக்கே பாடம் எடுப்பீங்க போலிருக்கே” என்று சிரித்தாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு ஹெட்போனுக்குள்ளேயே இருந்தது.

பாத்திரம் மட்டும் அமையவில்லை. கவிழ்த்த தண்ணீரால் பலகை நனைந்து, புல் நனைந்து, ஆறிவந்த புண் மறுபடி வெள்ளையாக ஊறியது. “எங்க வீட்ல கல்லுல குடைஞ்ச தொட்டி வெச்சிருந்தோம். கனமா இருந்தாத்தான் நிக்கும்” என்று ஸ்டெல்லா சொன்ன அன்று, சத்தியபாமா பரணைப் பார்த்தாள். அம்மாவின் கல்சட்டி அங்கே இருந்தது. வத்தக்குழம்பு கொதித்துக் கொதித்து எண்ணெய் ஏறிக் கறுத்த மாக்கல் சட்டி. அம்மா போனபிறகு அதை இறக்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு குழம்பு?

இறக்கினாள். வைத்தாள். முயல் அதை அசைக்கப் பார்த்தது, முடியவில்லை. தலையை உள்ளே விட்டுச் சளக் சளக்கென்று குடித்தது.

தை மாசம் அம்மாவின் வருஷத் திதிக்குத் தம்பி சுந்தரபாண்டி மனைவி ராதாமணியோடு வந்தான். படையல் முடிந்து சாப்பிட்டான். கை கழுவ முற்றத்துக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

“அக்கா, இது அம்மா சட்டில்லா?”

“ஆமா.”

“இதுலயா முசலுக்குத் தண்ணி வைக்க?”

“வேற எதும் நிக்க மாட்டேங்கு சுந்தரம். எல்லாத்தையும் கவுத்திப் போட்டுருது.”

“ஊர்ல வேற சட்டியே இல்லையா? இன்னிக்கு அவளுக்குத் திதி குடுத்திருக்கோம். அவ பொழங்கின சட்டியில மிருகம் வாய் வைக்குது. தனியாக் கெடந்து உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா?”

சத்தியபாமாவுக்கு எவ்வளவோ சொல்ல வந்தது. அம்மா காரியத்துக்குப் பிறகு நீ இந்த வாசலை மிதித்தது இன்றைக்குத்தானே என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சிந்திக் கிடந்த புல்லைப் பொறுக்கிக் கூண்டுக்குள் போட்டாள். சுந்தரபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொல்லிப் போய்விட்டான்.

ராதாமணி பின்தங்கினாள். இலையை எடுத்துப் போட்டு, இடத்தைத் துடைத்துவிட்டு, கூண்டுப் பக்கம் வந்து குத்தவைத்தாள்.

“அவிய பேசினத மனசுல வச்சுக்கிடாதீங்க மதினி.”

“அவன் சொன்னது என்ன தப்பு.”

“எனக்குத் தலைப்பிரசவத்துல எங்கம்மா இல்ல. அத்தைதான் வந்து இருந்தாவ. இந்தச் சட்டியத்தான் கையோட கொண்டு வந்தாவ. நாப்பது நாளும் பூண்டுக் கொழம்பு வச்சுக் குடுத்தாவ.” ராதாமணி சட்டியின் விளிம்பை விரலால் தொட்டாள். “அத்தை போனதுக்கு நான் ஒப்பாரி வச்சு அழக்கூட இல்ல மதினி. கைப்பிள்ளையோட நின்னேன். இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

சத்தியபாமா அவளைப் பார்த்தாள். அம்மாவை இழந்தவள் தான் ஒருத்திதான் என்று இந்த ஒரு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தண்ணீரைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, பழைய சேலைத் துணியில் சுற்றி ராதாமணியின் பையில் தானே வைத்தாள். இருவரும் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கலாம். தம்பி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் இதைச் சொன்னபோது ஸ்டெல்லா, “அழாதீங்க கோவில்பட்டி. எங்கப்பா இப்ப முயல் வளக்கிறதில்ல. கல் தொட்டி சும்மாதான் கெடக்கும். அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், எடுத்துட்டு வர்றேன். நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வாங்க” என்றாள்.

அந்த மாசம் முழுவதும் சத்தியபாமா மதுரையை நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா எப்படி இருப்பாள்? உயரமாக, ஒல்லியாக, தன் வயதாக இருப்பாள். தனி அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போடுவாள். இதில் எதையும் ஸ்டெல்லா சொன்னதில்லை. சத்தியபாமாவும் கேட்டதில்லை. கேட்காமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரை ஜங்ஷன் வாசலில், அடையாளத்துக்குச் சொல்லியிருந்த நீலக்கரைச் சேலையோடு நின்றாள். “கோவில்பட்டியா?” என்று மணிக் குரல் கேட்டுத் திரும்பினாள். குட்டையாக, பருமனாக, முப்பது வயதுகூட நிறையாத ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, சேலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சிறுமி. பக்கத்தில் அவள் கணவன், தோளில் சாக்குப்பையோடு. “நல்ல கனம்க்கா. கருங்கல்லு” என்று சிரித்தான்.

கேன்டீனில் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“டிரெயின் நேரத்துக்கு வந்துச்சா?” என்றாள் ஸ்டெல்லா.

“வந்துட்டு.”

“வெயிலு ஜாஸ்தி.”

“ஆமா.”

அவ்வளவுதான். ஸ்டெல்லா குழந்தையின் வாயைத் துடைத்தாள். சத்தியபாமா டம்ளரைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் ஏதோ பேச வாயெடுத்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். “வீட்ல எந்நேரமும் கோவில்பட்டி கோவில்பட்டின்னு உங்க பேச்சுத்தான். இப்ப என்ன ரெண்டு பேரும் சண்டைக்காரங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்று கணவன் கேட்டான். நல்ல மனுஷன். அவன் கேட்டதில் இன்னும் சங்கடமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். முயலுக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே பிளாட்பாரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

வண்டியில் ஜன்னலோரம். கல் தொட்டி மடியில் கனத்தது. விருதுநகர் தாண்டியதும் அறுப்பு முடிந்த கரிசல் காடு, வெடித்து வெடித்துக் கிடந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். வேறு யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டு வெளியே வந்தவள் போல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. தனியறையும் ஒற்றைக் கட்டிலும் இவளே மனசுக்குள் கட்டியவை. நாளையிலிருந்து நம்பரை மட்டும் சொல்லுவோம் என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலை முழுக்க அப்படியே நடந்தது. மத்தியானம் லைன் ஓய்ந்தது.

“கோவில்பட்டி.”

“சொல்லுங்க மதுரை.”

“நேத்து எனக்கு வாயே வரலீங்க. நீங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கீங்க, எங்க பாக்குறதுன்னே தெரியல. வீட்டுக்குப் போய் அழுதேன்.”

சத்தியபாமா பிளக்கை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். “எனக்கும் அப்படித்தான்.”

“தொட்டி சரியா இருக்கா?”

“இருக்கு. முதல்ல சுத்திச் சுத்தி மோந்து பாத்தா. பெறகு தாடைய வச்சு வச்சுத் தேய்க்கா.”

“அது தன்னுதுன்னு அடையாளம் வெக்குறது. இனிமே யாரும் அசைக்க முடியாது” என்று ஸ்டெல்லா சொன்னபோது, குரல் மட்டும் இருந்தது. குழந்தையும் கணவனும் கேன்டீனும் இல்லை. சத்தியபாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இப்படித்தான் தனக்கு வாய்த்திருக்கிறது, இது இவ்வளவுதான் என்று தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

முயல் அதற்குப் பிறகும் மூன்று கோடை கண்டது. குதிகாலில் முடி முளைத்துப் புண் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. சுந்தரபாண்டி அடுத்த திதிக்கு வந்தான், கூண்டுப் பக்கம் போகாமல் பேசிவிட்டுப் போனான். ராதாமணி பை நிறைய முட்டைக்கோஸ் இலை கொண்டு வந்து கொடுத்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், நல்ல மழைநாள் ஒன்றில், சத்தியபாமா டூட்டி முடிந்து வந்தபோது முயல் பலகைமேல் பக்கவாட்டில் படுத்திருந்தது. வெயில் காலத்தில் படுக்கிற மாதிரியே இருந்தது. தொட்ட பிறகுதான் தெரிந்தது. நேசம்மாள் மண்வெட்டி கொண்டு வந்தாள். முற்றத்தில் கரிசல் மண் நனைந்து களியாகிக் காலைப் பிடித்து இழுத்தது. இருவரும் மாறி மாறித் தோண்டினார்கள்.

மறுநாள் மதுரையில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். ஸ்டெல்லாவுக்கு மூன்றாவது பிரசவம், நீண்ட லீவு என்று அந்தப் புதுக் குரல் சொன்னது. “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டது. “ஒண்ணுமில்ல. ஈரோடு ரெண்டு நாலு ஆறு, அர்ஜென்ட்” என்றாள் சத்தியபாமா.

அன்று சாயங்காலம் வளவு வாசலுக்கு வந்த பிறகுதான் கையில் இருந்த புல்லுக்கட்டைப் பார்த்தாள். ரயில் பாதையோரம் எப்போது குனிந்தாள், எப்போது அறுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. எதிர்வீட்டு மேய்ச்சல்காரர் வெள்ளாடு ஒன்றைத் தூணில் கட்டியிருந்தார். அதன் முன்னால் போட்டாள். ஆடு நிமிடத்தில் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் கையை மோந்து பார்த்தது.

“ஏம்மா, இன்னிக்கு முசலுக்கு இல்லையா?” என்று கேட்டார் அவர், திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரித்தபடி.

தினமும் அந்த வழியே போகிறவளிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. சத்தியபாமா பதில் சொல்வதற்கு முன்னால் குரலைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

“இல்லண்ணாச்சி. அது செத்துப்போச்சு.”

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். “எப்பம்மா?” என்று கேட்டார்.

மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. அவள் ஆட்டின் பக்கத்தில் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்.